ரெண்டில் ஒன்று

சாவிக்காரி காலை எட்டு மணிக்கே மூன்றாம் மாடி அரங்கத்துக்கு வந்து கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். பரீட்சை பதினோரு மணிக்குத்தான். மூன்று மணி நேரம் காவல் காக்க அங்கே புதையல் எதுவும் இல்லை. நாற்பது நாற்காலிகள், ஒரு மேஜை, மேஜைமேல் மூன்று தண்ணீர் பாட்டில்கள், நடுவில் ஒரு ஹார்ப்சிகார்ட். பியானோவுக்குப் பாட்டன் முறை ஆகவேண்டிய கருவி அது. பியானோவில் சுத்தியல் தந்தியை அடிக்கும், இதில் ஒரு சின்ன இறகு நகம் தந்தியைச் சுண்டிவிடும். மற்றபடி குணமெல்லாம் பாட்டனுடையதுதான். ஜன்னலைத் திறந்தால் கோபம், மூடினால் கோபம், அறையில் பத்துப் பேர் கூடி மூச்சு விட்டால் சுருதி போய்விடும். தினமும் முறுக்காணிகளைத் திருகித் திருகிச் சமாதானப்படுத்த வேண்டும். அதற்கான இரும்புச் சாவியை ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிந்ததால்தான் அவளுக்குச் சாவிக்காரி என்று பெயர் வந்தது. வைத்தது யார் என்றுகூட அவளுக்குத் தெரியும். அந்த ஆளிடமிருந்துதான் இன்றைக்குக் காவல்.

அந்த ஆள் அவளுடைய நாத்தனார். முன்னாள் நாத்தனார் என்று சொல்ல வேண்டும். சாவிக்காரி புருஷனைவிட்டு வந்து இரண்டு வருஷமாகிறது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் போட்டாயிற்று, சட்டி பானை முதற்கொண்டு பிரித்தாயிற்று. புருஷன் போய்விட்டான், நாத்தனார் போகவில்லை. இருவரும் ஒரே இசைப்பள்ளியில், ஒரே பிரிவில். முந்நூறு நானூறு வருஷத்துக்கு முந்திய இசையை அந்தக் காலத்துக் கருவிகளிலேயே, அந்தக் காலத்து முறையிலேயே வாசிக்கக் கற்றுத்தரும் பிரிவு. மொத்தமே பதினோரு பேர் படிக்கிற இடத்தில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் எங்கே போவது? நாத்தனார் பழங்காலத்து வயலின் வாசிப்பவள். அந்த வயலினில் தாடையை வைக்கக் கட்டை கிடையாது, தந்திகள் ஆட்டுக்குடல், வில் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். போன வருஷமே தேறி, இப்போது அங்கேயே உதவி ஆசிரியையாகவும் ஆகிவிட்டாள். இன்னும் 'அண்ணி' என்றுதான் கூப்பிடுகிறாள். அந்த 'அண்ணி'யை அவள் சொல்லும்போது பல்லில் கல் கடிபட்டதுபோல ஒரு சத்தம் வரும்.

நாத்தனாருக்கும் நியாயம் இல்லாமல் இல்லை. பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துக்கொண்டு சிவனே என்று இருந்த அண்ணியை முதன்முதலில் ஒரு ஹார்ப்சிகார்ட் கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனவள் அவள்தான். நாற்பது வயதில் அண்ணி வந்து அதே பள்ளியில் சேருவாள், சேர்ந்த கையோடு வீட்டை மறப்பாள், கடைசியில் அண்ணனையும் விட்டுவிட்டுப் போவாள் என்று அவள் கண்டாளா? அந்தப் பெட்டிதான் எங்கள் குடும்பத்தைக் கெடுத்தது என்று பள்ளிக்கூட காண்டீனில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். குடும்பத்தைக் கெடுத்தது பெட்டி அல்ல, உன் அண்ணனுடைய வாய் என்று சாவிக்காரி பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மனசுக்குள் போட்டுப் பூட்டி வைத்துக்கொண்டாள். அவளிடம் அப்படிப் பூட்டி வைத்தவை நிறைய உண்டு.

போன வருஷத்துப் பரீட்சைதான் அவற்றில் பெரியது. பரீட்சையில் ஹார்ப்சிகார்ட் தனியாக நிற்க முடியாது, கூட ஒரு வயலின் வேண்டும். பிரிவில் வயலினுக்கு நாத்தனாரைவிட்டால் ஆள் இல்லை. வேகமான பகுதியின் பாதியில் திரும்ப முதலிலிருந்து வாசிக்க வேண்டும் என்று தாளில் அடையாளம் இருந்தது. சாவிக்காரி திரும்பப் போனாள், நாத்தனார் நேரே போனாள். இருவரும் இரண்டு ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறிய கதையாயிற்று. மூன்று பரீட்சகர்களும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். திரும்ப வேண்டாம் என்று முந்தின நாளே பேசியாயிற்று என்றாள் நாத்தனார். அப்படிப் பேசியதாகச் சாவிக்காரிக்கு ஞாபகமே இல்லை. வேண்டுமென்றே காலை வாரினாள் என்று சாவிக்காரி தன் அக்காவிடம் சொன்னாள், காண்டீனில் சொன்னாள், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் ஒரு வருஷம் முழுக்கச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவளுக்கு வேளைக்குச் சாப்பிடும் மருந்தாகவே ஆகிவிட்டது.

ஒருவருக்கு இரண்டு வாய்ப்புத்தான், இது இரண்டாவது. தேறினால் இதே பள்ளியில் துணைவாசிப்பாளர் வேலை காத்திருக்கிறது, இந்தக் கருவியை ஆயுசுக்கும் தொடலாம். தவறினால் பதிவேட்டில் பெயரை அடித்துவிடுவார்கள். அவள் இருக்கும் ஒற்றை அறையில் கட்டில் போட்டால் கதவு திறக்காது, அங்கே ஹார்ப்சிகார்டை எங்கே வைப்பது? பழையபடி வீடு வீடாகப் போய், விரலை மடக்கத் தெரியாத பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கவேண்டியதுதான். 

ஆகவே தாழ் போட்டுக்கொண்டு சுருதி சேர்த்தாள். இங்கேதான் அந்தப் பழைய முறையின் வில்லங்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்றைய பியானோவில் டி என்ற கட்டைக்கும் ஈ என்ற கட்டைக்கும் நடுவில் ஒரு குட்டைக் கட்டை இருக்கிறது. டி ஷார்ப் என்றாலும் அதுதான், ஈ ஃப்ளாட் என்றாலும் அதுதான். இரண்டு பெயர், ஒரே சத்தம். அந்தக் காலத்து முறையில் இந்த ஏமாற்று வேலை நடக்காது. டி ஷார்ப் கொஞ்சம் கீழே, ஈ ஃப்ளாட் கொஞ்சம் மேலே, இரண்டும் வேறு வேறு சுரம். கட்டையோ ஒன்றுதான். ஆகவே வாசிப்பதற்கு முன்பே ரெண்டில் ஒன்று முடிவு செய்து தந்தியை முறுக்கிவிட வேண்டும். மாற்றி வைத்துவிட்டால் அந்தக் கட்டை ஊளையிடும். ஓநாய் என்றே அதற்குப் பெயர்.

பரீட்சைக்கு அவள் இரண்டு உருப்படிகளின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தாள். ஜி மைனர் என்ற சுரவரிசையில் ஒன்று, அதற்கு ஈ ஃப்ளாட் வேண்டும். ஈ மைனரில் ஒன்று, அதற்கு டி ஷார்ப் வேண்டும். எது என்பதைப் பரீட்சகர்கள் முடிவு செய்து கீழே அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். காலையில் மாடி ஏறும்போதே பார்த்துவிட்டாள், ஜி மைனர். சந்தோஷமாகத் தந்திகளை ஈ ஃப்ளாட்டுக்கு முறுக்கி, காதை வைத்து வைத்துக் கேட்டு, பத்து மணிக்குள் முடித்துவிட்டாள்.

பத்தரைக்குக் கதவு தட்டப்பட்டது.

ஒரு சாண் மட்டும் திறந்தாள். நாத்தனார் வயலின் பெட்டியோடு நின்றாள். மூச்சு வாங்கியது.

"நோட்டீஸை மாத்திட்டாங்க அண்ணி. ஈ மைனர்தானாம். அந்தக் கட்டைய டி ஷார்ப்புக்கு இறக்கிடுங்க."

"நான் வரும்போதே பார்த்துட்டுத்தான் வந்தேன். ஜி மைனர்னு போட்டிருக்கு."

"அது காலையில. வெளியிலிருந்து வந்திருக்காரே, அந்தப் பரீட்சகர் மாத்தச் சொல்லிட்டாரு. நம்பிக்கையில்லைன்னா நீங்களே கீழ போய்ப் பாருங்க. நான் இங்க இருக்கேன்."

கடைசியாகச் சொன்னதுதான் காரியத்தைக் கெடுத்தது. நான் இங்கே இருக்கிறேன். மூன்று மாடி இறங்கி ஏறப் பத்து நிமிஷம் ஆகும். பத்து நிமிஷம் ஆளில்லாத அறையில் ஹார்ப்சிகார்டும் நாத்தனாரும். ஒரு ஆணியை அரைக்கால் திருகினால் போதும். அடடா, என்ன மூளை என்று சாவிக்காரி மனசுக்குள் கைதட்டினாள். இரண்டரை மணி நேரமாக எதற்காகத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளோ அது இதோ வாசலில் வந்து நின்று அண்ணி என்கிறது.

"நீ இங்க இருக்கிறதுக்குத்தான் இவ்வளவு கதையா?" என்றாள்.

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தால், ஏதோ அலுத்துப்போன மாதிரி இருந்தது அந்த முகம்.

"நான் சொல்லியாச்சு. அப்புறம் உங்க இஷ்டம்."

கதவு சாத்தப்பட்டது. ஜெயித்துவிட்டோம் என்று சாவிக்காரி திரும்பத் தாழ் போட்டாள். சாவியைத் தொடவே இல்லை.

பதினோரு மணிக்குப் பரீட்சகர்கள் வந்தார்கள். முன்னால் துறைத்தலைவி, அவருக்குப் பின்னால் லூட் என்ற பழைய தந்திக்கருவி வாசிக்கும் ஒல்லி ஆசிரியர், கடைசியாக வெளியிலிருந்து வந்தவர். நாத்தனார் யார் முகத்தையும் பார்க்காமல் வந்து தன் இடத்தில் நின்றாள். விதிப்படி சாவிக்காரி சாவியைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்தாள். அதற்குப் பிறகு சுருதியில் கை வைக்கக் கூடாது. சுருதி சேர்ப்பதும் பரீட்சையில் ஒரு பகுதிதான், அதில் தவறினால் மற்றது எப்படி இருந்தாலும் தவறியதுதான். சுருதி தயாரா என்று துறைத்தலைவி கேட்டார். தயார் என்றாள்.

"அறிவிப்புல மாத்தினபடி, ஈ மைனர். ஆரம்பிக்கலாம்."

சாவிக்காரி குட்டைக் கட்டையைப் பார்த்தாள். நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் வயலினைத் தோளில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். சொன்னேனே என்று அந்தப் பார்வை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. என்ன செய்யப்போகிறாய் என்று மட்டும்தான் கேட்டது.

பழைய இசையில் ஹார்ப்சிகார்ட்காரருக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பதில்லை. இடது கைக்குக் கீழ்ச்சுரங்களை மட்டும் எழுதி, அவற்றின்மேல் பொடி எண்களைப் போட்டிருப்பார்கள். எண்ணைப் பார்த்து வலது கைக்குரிய சுரக்கூட்டை வாசிப்பவரே அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும். ஈ மைனரில் அடிக்கடி வருவது பி என்ற சுரக்கூட்டு. மூன்று சுரங்கள், நடுவில் இருப்பது டி ஷார்ப். அந்த நடுச்சுரம்தான் கூட்டுக்கு உயிர். அதை வாசித்தால் ஓநாய். வாசிக்காமல்விட்டால் மேலும் கீழும் வெறும் சுவர், நடுவில் வீடு இல்லை.

முதல் பி நாலாவது தாளக்கட்டத்திலேயே வந்தது. சாவிக்காரியின் விரல் குட்டைக் கட்டைக்கு மேலே ஒரு நூல் இடைவெளியில் நின்றது. தொடவில்லை. சுவரை மட்டும் வாசித்தாள். அறை முழுக்க அந்த ஓட்டை கேட்டது, அவளுக்காவது கேட்டது. முடிந்தது, இப்படி இருபது முப்பது ஓட்டை விழப்போகிறது, மூன்று பேர் எண்ணிக்கொண்டு உட்காருவார்கள் என்று நினைத்தாள்.

இரண்டாவது பி வந்தபோது வயலினின் மெட்டு மேலே எங்கோ போய்க்கொண்டிருக்க வேண்டும். நாத்தனார் அதை அப்படியே நிறுத்தினாள், ஒரு சின்னச் சுழற்றல் சுழற்றிக் கீழே வந்தாள், டி ஷார்ப்பில் நின்றாள். சுத்தமான டி ஷார்ப். வயலினில் கட்டை கிடையாது, விரல் வைத்த இடம்தான் சுரம். ஓட்டை இருந்த இடத்தில் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தது. சாவிக்காரிக்கு முதுகு சிலிர்த்தது. மூன்றாவது பி, மறுபடியும். நாலாவது, மறுபடியும், இந்தத் தடவை வேறு விதமான சுழற்றல். எந்த இடத்தில் அவள் கையை எடுக்கிறாளோ அந்த இடத்துக்கு நாத்தனார் முன்கூட்டியே வந்து நின்றாள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, ஒரு ஜாடை இல்லை. புருஷனோடு வாழ்ந்த பதினாறு வருஷத்தில் ஒருநாள்கூட அவன் தன்னை இப்படிக் கவனித்ததில்லை என்று சாவிக்காரிக்குத் தோன்றியது. தோன்றியதற்காக எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

கடைசிப் பகுதியில் இன்னும் மோசமான இடம் ஒன்று இருந்தது. அங்கே எழுதிய கீழ்ச்சுரமே டி ஷார்ப். வலது கையில் எதையாவது மறைக்கலாம், இடது கையில் எழுதியதை எப்படி மறைப்பது? அந்த இடம் நெருங்கியது. வந்தது. இரண்டு கையையும் எடுத்துவிட்டாள். ஹார்ப்சிகார்ட் முழு ஊமையாகிவிட்டது. நாத்தனார் தன் மெட்டை அந்தரத்தில் விட்டுவிட்டு, தடித்த தந்திக்கு இறங்கி, அந்த ஒற்றைச் சுரத்தை நீளமாக, அவசரமே இல்லாமல் இழுத்தாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல மேலே ஏறிப்போய் மெட்டைப் பிடித்துக்கொண்டாள். லூட்காரர் பாட்டிலைத் திறக்கப் போன கையை அப்படியே வைத்திருந்தார்.

முடிந்ததும் கேள்வி நேரம். வெளியிலிருந்து வந்தவர்தான் முதலில் பேசினார். இத்தனை வருஷம் பரீட்சை எடுக்கிறேன், இப்படி ஒரு வாசிப்பைக் கேட்டதில்லை என்றார். சுரக்கூட்டின் நடுச்சுரத்தை ஹார்ப்சிகார்ட் தொடவே இல்லை, அத்தனையையும் வயலினுக்கே விட்டுவிட்டீர்கள், கடைசியில் கீழ்ச்சுரத்தையும்கூட. துணிச்சல்தான். பிறகு சாவிக்காரியின் பக்கம் திரும்பினார்.

"இது உங்க யோசனையா?"

சுருதியில் தவறு என்று ஒரு வார்த்தை சொன்னால் பரீட்சை அங்கேயே முடிந்தது. அவள் நாத்தனாரைப் பார்க்கவில்லை.

"ஆமா. என் யோசனைதான்."

பொய் வழுக்கிக்கொண்டு வந்தது, அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு வயலின் பக்கம் திரும்பினார். இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டீர்களா என்று கேட்டார்.

இப்போது குடுமி நாத்தனார் கையில். இழுத்தால் போதும். அந்தக் கட்டையை ஒரு தடவை தட்டச் சொல்லுங்கள் என்று ஒரு வாக்கியம், ஓநாய் எழுந்து ஊளையிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடும். இரண்டு வருஷத்துக் கோபத்துக்கு இதைவிட நல்ல முகூர்த்தம் கிடைக்காது. சாவிக்காரி மேஜைமேல் கிடந்த தன் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பேசினோம் சார்," என்றாள் நாத்தனார். "காலையில பத்தரைக்கு, இந்தக் கதவுகிட்ட நின்னுதான் பேசினோம். அண்ணி முடிவா இருந்தாங்க."

பத்து நிமிஷம் வெளியே நிற்கச் சொன்னார்கள்.  பிறகு துறைத்தலைவி கதவைத் திறந்து, சிரித்து, தேறிவிட்டீர்கள், அடுத்த மாதம் முதல் வேலைக்கு வரலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சாவிக்காரிக்குச் சந்தோஷம் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது தனியாக வரவில்லை. நாத்தனார் ஜன்னலோரம் வில்லைத் தளர்த்திப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சாவிக்காரி பக்கத்தில் போய் நின்றாள்.

"நன்றின்னு மட்டும் சொல்லிடாதீங்க," என்றாள் நாத்தனார், நிமிராமலேயே. "உங்களுக்காகச் செய்யல. இன்னிக்கு நீங்க தோத்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். இவதான் பண்ணினான்னு சாகுற வரைக்கும் சொல்லியிருப்பீங்க. ஒரு வருஷமா கேட்டுட்டேன். இனிமே கேட்க முடியாது. அந்தச் சாக்க உங்ககிட்டேருந்து எடுத்துக்கிட்டேன், அவ்வளவுதான்."

"போன வருஷம்..." என்று சாவிக்காரி ஆரம்பித்தாள்.

"போன வருஷமும் சொன்னேன். சாயந்திரம் லிஃப்டுகிட்ட நின்னு சொன்னேன். திரும்ப வேண்டாம்னு. நீங்க சரின்னு தலையாட்டினீங்க. என் மூஞ்சியப் பார்த்தாலே உங்க காது அடைச்சுக்குது, அதுக்கு நான் என்ன பண்ண?"

லிஃப்ட். தலையாட்டியது. ஆட்டியிருக்கலாம். சனியன் சீக்கிரம் பேசித் தொலைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு அவள் தலையாட்டிய சாயந்திரங்கள் பல. 

அப்போது பார்த்து சாவிக்காரியின் செல்போன் அடித்தது. அக்கா. அக்காவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, காதில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் பத்தடிக்குக் கேட்கும். பாஸ் என்றதும் ஒரு கூச்சல், பிறகு மூச்சு விடாமல் அடுத்த கேள்வி.

"அவ சும்மா இருந்திருக்க மாட்டாளே. இந்தத் தடவ என்ன பண்ணினா?"

பெட்டியின் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்த நாத்தனாரின் கை நின்றது. நிமிர்ந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம், போகவில்லை. பதிலைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று நின்றாள்.

சொல்வதற்கு நாலு வார்த்தைதான் இருந்தது. காலையிலேயே வந்து சொன்னாள், நான்தான் நம்பவில்லை. அந்த நாலு வார்த்தை சாவிக்காரியின் தொண்டைவரை வந்தது. அதைச் சொல்லிவிட்டால் நாளைக்கு அக்காவிடம் பேச என்ன இருக்கும்? அந்த வீட்டைவிட்டு வந்ததிலிருந்து யார்மேல் பழி போட்டு அதில் சாய்ந்துகொண்டு நின்றாளோ, அந்த ஆளே இல்லாமல் போய்விடுவாள்.

"என்னத்தையோ பண்ணப் பார்த்தா," என்றாள் சாவிக்காரி. "நான் சமாளிச்சுட்டேன்."

போனை வைத்தாள். நாத்தனார் முகத்தில் கோபம் இல்லை. வெகுநாள் தலைவலி விட்டவள்போலத் தெளிவாக இருந்தாள்.

"நல்லது அண்ணி," என்றாள். "உங்கள வெறுக்கறப்போல்லாம், நாமளும் கொஞ்சம் அதிகமாத்தான் போறோமோன்னு எனக்கு ஒரு உறுத்தல் இருந்துச்சு. இன்னியோட அது போச்சு."

அடுத்த மாதம் முதல் ஒரே அறையில் வேலை, ஒன்பது மணிக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியிறங்கிப் போனாள்.